இலைப் படம் போட்ட பாட்டில்: கோத்தகிரிப் பக்கம் ஒரு காய்கறிக் கூடையில நடந்தது

ஆர்கானிக்னு நாங்க வித்த கோஸ்ல ரசாயனப் பூச்சி மருந்து எப்படி வந்துச்சுங்குறதப் பத்தினது இது. இதுல வர்றவங்க யாரோட பேரும் போடல, ஊர் பேரும் குறிப்பா சொல்லல. நடந்தத நடந்த வரிசையில எழுதியிருக்கேன், எங்கள மாதிரி கூடை போடுற குழுக்களுக்கும் அந்தக் கூடைய நம்பி வாங்குறவங்களுக்கும் உதவும்னு நெனைக்கிறேன்.

பின்னணி

கோத்தகிரிக்கு மேல பக்கத்துப் பக்கத்துல இருக்குற மூணு ஹட்டிய (மலைக் கிராமம்) சேர்ந்த 11 விவசாயக் குடும்பம் சேந்து வாராவாரம் கோயம்புத்தூருக்கு காய்கறிக் கூடை அனுப்புறோம். வெள்ளிக்கிழமை காலையில அறுவடை, மத்தியானம் ஒரு ஷெட்ல கொண்டுவந்து பிரிச்சுக் கட்டுவோம், சாயங்காலம் வண்டி மலை இறங்கும், சனிக்கிழமை 60 வீட்டுக்குப் போய்ச் சேரும். கேரட், பீட்ரூட், கிழங்கு, கோஸ், மேரக்காய், பீன்ஸ், கீரை, இதோட வெளிய வாங்கி விக்கிற தேனும் நாட்டுச்சர்க்கரையும். கணக்கு, ஃபோன், வாட்ஸ்அப், கூடைக்குள்ள வைக்குற அட்டை இதெல்லாம் என் பொறுப்பு.

எங்களுக்கு இருக்குறது பிஜிஎஸ் சான்று. ஆர்கானிக்னு சொல்ல நம்ம நாட்டுல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு 2001ல வந்த என்பிஓபிங்குற தேசிய ஆர்கானிக் உற்பத்தித் திட்டம், வெளியில இருந்து ஒரு சான்றளிக்கிற நிறுவனம் வந்து பாக்கும், ஏற்றுமதிக்கு அதுதான் வேணும். இன்னொண்ணு பிஜிஎஸ், பக்கத்துப் பக்கத்து விவசாயிங்க குழுவா சேந்து ஒருத்தர் தோட்டத்த இன்னொருத்தர் பாத்து கையெழுத்துப் போடுறது. செலவு கம்மி, சின்ன விவசாயிக்குத் தோதானது, நான் இப்பவும் அந்த முறையத்தான் நம்புறேன். ரெண்டுலயும் மண்ணு மாறுறதுக்குன்னு ஒரு காலம் உண்டு, என்பிஓபில வருசப் பயிருக்கு 2 வருசம், தேயிலை மாதிரி நீண்டகாலப் பயிருக்கு 3 வருசம்.

ஒரு விசயத்த இங்கயே சொல்லிடுறேன், பின்னாடி நடந்ததெல்லாம் இதச் சுத்தித்தான். இந்தச் சான்று எதுவா இருந்தாலும் எப்படி வெளஞ்சுதுங்குறதுக்கான பேப்பர். காய்க்குள்ள என்ன இருக்குன்னு ஒவ்வொரு லோடையும் யாரும் அரைச்சுப் பாக்குறதில்ல. எங்க கூடையில இருந்த அட்டையில "100% இயற்கை, நஞ்சில்லா உணவு"ன்னு போட்டிருந்தோம். அத எழுதுனது நான்.

ஒரு அம்மா கேட்ட கேள்வி

2023 ஜூலை. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு அம்மா, எங்ககிட்ட ஒரு வருசமா வாங்குறவங்க, கூப்பிட்டாங்க. பாப்பாவுக்கு எட்டு மாசம், எடை 8 கிலோ, கேரட்டும் கிழங்கும் வேகவச்சு மசிச்சுக் குடுக்க ஆரம்பிச்சிருக்காங்க, கோஸும் கொஞ்சம். "அக்கா, டெஸ்ட் ரிப்போர்ட் ஏதாச்சும் இருக்குதுங்களா?"ன்னு கேட்டாங்க. நான் பிஜிஎஸ் சான்ற போட்டோ எடுத்து அனுப்புனேன். "இது நீங்க என்ன முறையில வெளைக்கிறீங்கன்னு சொல்லுதுங்க அக்கா, நான் கேட்டது இதுக்குள்ள என்ன இருக்குதுன்னு"ன்னு பதில் வந்துச்சு.

அன்னிக்கு எனக்கு கோவம்தான் வந்துச்சு. வெயில்லயும் பனியிலயும் நிக்கிற விவசாயிய நம்பாம பேப்பர் கேக்குறாங்களேன்னு. இப்ப யோசிச்சா அவங்க கேட்டதுதான் சரியான கேள்வி, நாங்க அத எங்களுக்குள்ள ஒரு தடவகூட கேட்டுக்கலங்குறதுதான் உண்மை.

அதே பேச்சுல பாப்பாவுக்கு தேன் தொட்டு வைக்கலாமான்னும் கேட்டாங்க, ஊர்ல பாட்டி சேனை வைக்கணும்னு சொல்றாங்களாம். வேண்டாம்னு உறுதியா சொன்னேன். எவ்ளோ சுத்தமான மலைத்தேனா இருந்தாலும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினங்குற கிருமியோட வித்து அதுல இருக்கலாம், பெரியவங்க குடல் அத சமாளிச்சுடும், ஒரு வயசுக்குள்ள இருக்குற குழந்தையோட குடலால முடியாது, பொட்டுலிசம்னு நரம்ப முடக்குற நோய் வரும். தேன் விக்கிறவங்க யாரா இருந்தாலும் இத பாட்டில் மேலயே எழுதணும்.

பத்து நாள் கழிச்சு அவங்களே காசு போட்டு, எங்க கூடையில வந்த கேரட்டையும் கோஸையும் ஒரு என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேப்ல குடுத்து ரிசல்ட்ட எனக்கு அனுப்புனாங்க. திட்டல, வாட்ஸ்அப் குரூப்ல போடல, எனக்கு மட்டும் அனுப்புனாங்க. கேரட்ல ஒண்ணும் இல்ல. கோஸ்ல ஃபிப்ரோனில், கிலோவுக்கு 0.04 மில்லிகிராம்.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்

ஃபிப்ரோனில்ங்குறது செயற்கைப் பூச்சிக்கொல்லி. கோஸ்ல வர்ற வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு உரக்கடையில சாதாரணமாவே குடுக்குற மருந்துதான், ஆனா ஆர்கானிக் தோட்டத்துக்குள்ள வரவே கூடாது. 2017ல வந்த எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) ஆர்கானிக் உணவு விதியில ஒரு கணக்கு இருக்கு, சாதாரண உணவுக்கு அனுமதிச்ச எச்ச அளவுல 5 சதவீதம், இல்லன்னா லேப்பால அளக்க முடியுற குறைஞ்ச அளவு, ரெண்டுல எது அதிகமோ அதுவரைக்கும்தான் ஆர்கானிக்ல இருக்கலாம். அப்போ ஆர்கானிக்னா சுழியம்னு சட்டமே சொல்லல. பக்கத்துத் தோட்டத்துல இருந்து காத்துல வரும், பழைய மண்ணுல தங்கியிருக்கும், அதுக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்காங்க. எங்க அட்டை மட்டும்தான் 100%னு சொல்லிச்சு.

அந்த அம்மா அடுத்துக் கேட்டது, "பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிருக்குமா அக்கா?" இதுக்கு நானா பதில் சொல்லாம தோட்டக்கலை படிச்ச ஒரு தம்பிகிட்ட உக்காந்து கணக்கு போட்டேன். ஃபிப்ரோனிலுக்கு உலக சுகாதார அமைப்பும் ஐநாவோட உணவு வேளாண்மை அமைப்பான எஃப்ஏஓவும் சேந்த நிபுணர் குழு வச்சிருக்குற தினசரி அளவு, உடம்பு எடையில ஒரு கிலோவுக்கு 0.0002 மில்லிகிராம். 8 கிலோ பாப்பாவுக்கு அது 0.0016 வருது. எங்க கோஸ்ல 40 கிராம் சாப்பிட்டா அந்த அளவத் தொட்டுடும். 60 கிலோ இருக்குற பெரியவங்க 300 கிராம் சாப்பிட்டாதான் தொடும். இது வாழ்நாள் முழுக்க தெனமும் சாப்பிட்டாலும் பாதகம் இல்லன்னு வச்ச அளவு, நாலு நாள் ஒரு ஸ்பூன் சாப்பிட்டதுக்கு நோய் வந்துடும்னு அர்த்தம் இல்ல. இதையே அவங்ககிட்ட சொன்னேன், குழந்தை டாக்டர்கிட்டயும் ரிப்போர்ட்டக் காட்டச் சொன்னேன், டாக்டரும் பயப்பட வேண்டாம்னு சொல்லிட்டாரு. ஆனா ஒரே கோஸு பெரியவங்களுக்கு ஒரு கணக்கு, கைக்குழந்தைக்கு வேற கணக்குங்குறது அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது.

முதல் முடிவு: சொல்றதா வேண்டாமா

ரிப்போர்ட் வந்த அன்னிக்கு ராத்திரியே ஷெட்ல கூடுனோம். ரெண்டு பக்கமும் நியாயம் இருந்துச்சு. இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு சொல்லலாம், ஒரே ஒரு ரிப்போர்ட்ட வச்சு 11 குடும்பத்தோட பேரக் கெடுத்துக்கணுமான்னு நாலு பேர். அந்த ஒரு வாரத்துல இன்னும் 60 வீட்டுக்கு கோஸ் போயிடுமேன்னு மத்தவங்க. கடைசில எங்க குழுவுலயே வயசுல சின்னவளான ஒரு பொண்ணு, "நம்ம வீட்டுக் குழந்தையா இருந்தா ஒரு வாரம் காத்திருப்போமா?"ன்னு கேட்டுச்சு, அதுக்கப்புறம் யாரும் பேசல.

கோஸும் காலிஃபிளவரும் உடனே நிறுத்துனோம். 60 வீட்டுக்கும் அன்னிக்கு ராத்திரியே மெசேஜ், மருந்து பேரு, அளவு, நாங்க இன்னும் காரணம் கண்டுபிடிக்கல, வீட்டுல கோஸ் மிச்சம் இருந்தா தூக்கிப் போட்டுருங்க, அந்த வாரக் காசு திருப்பித் தர்றோம். வெளி இலைய நாலஞ்சு உரிச்சுக் கழுவுனா போதுமான்னு சிலர் கேட்டாங்க, கொறையும், முழுசா போகும்னு எங்களால சொல்ல முடியாதுன்னு சொன்னோம். 9 வீடு அந்த வாரமே நின்னுடுச்சு. அதுல மூணு பேரு நல்லாத் திட்டிட்டுப் போனாங்க, திட்டுனதுல தப்பு இல்ல.

எங்க இருந்து வந்துச்சு

இங்கதான் எங்க ஓட்டை தெரிஞ்சுது. அந்த வாரம் மூணு தோட்டத்து கோஸ் வந்திருக்கு, ஷெட்ல எல்லாத்தையும் ஒரே குவியலா கொட்டி அளவு பாத்துப் பிரிச்சிருக்கோம். எந்தக் காய் எந்தத் தோட்டம்னு சொல்ல வழியே இல்ல.

மூணு தோட்டத்துக்கும் போனோம். முதல்ல சந்தேகப்பட்டது காத்துல வர்ற மருந்து, ஏன்னா ஒரு தோட்டத்துக்கு மேல வரப்புலயே வேற ஒருத்தர் கோஸ் போட்டு மருந்து அடிக்கிறாரு, நடுவுல வேலியாட்டம் மரம் செடி ஒண்ணும் இல்ல, மழை பேஞ்சா மேல இருந்து தண்ணி நேரா இங்கதான் எறங்கும். எல்லாரும் அதுதான்னு முடிவே பண்ணிட்டாங்க. இருந்தாலும் மூணு தோட்டத்துலயும் தனித்தனியா காய் எடுத்து, பையில எழுதி, கோயம்புத்தூர் லேப்புக்கு அனுப்புனோம். குழு காசு மொத்தமும் இதுலயே போச்சு. சந்தேகப்பட்ட தோட்டத்துல ஒண்ணும் இல்ல. வந்தது ஒரு பெரியவர் தோட்டத்துல. நான் பெரியப்பான்னுதான் கூப்பிடுவேன், குழுவுல எல்லாருக்கும் முன்னாடி ரசாயனத்த விட்டவரு அவருதான், பஞ்சகவ்யா கரைக்கிறதே பாதிப் பேருக்கு அவரு சொல்லிக் குடுத்தது.

அவரு வீட்டுக்குப் போய் ரிப்போர்ட்டக் காட்டுனப்ப ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம், "நான் அடிச்சதெல்லாம் இயற்கை மருந்துதாம்மா"ன்னு சொல்லிட்டு, எந்திரிச்சுப் போய் சாமான் ரூம்ல இருந்து ஒரு பாட்டில எடுத்துட்டு வந்து என் கையில குடுத்தாரு. பச்சை லேபிள், பெரிய இலைப் படம், மூலிகைச் சாறு, ஆர்கானிக், பக்கவிளைவு இல்லாததுன்னு எழுதியிருந்துச்சு.

அந்த வருசம் கார்போகத்துல, அதாவது ஏப்ரல் வாக்குல ஆரம்பிக்குற போகத்துல, மழை நிக்கவே இல்ல. வேப்பெண்ணெயும் இஞ்சி பூண்டு மிளகாக் கரைசலும் அடிச்சா அடுத்த மழையில கழுவிட்டுப் போயிடும், புழு இலைய சல்லடையாக்கிடுச்சு. முந்துன வருசமும் கோஸ்ல நட்டம். ஒரு உரக்கடையில போய் "ஆர்கானிக்ல ஏதாச்சும் குடுங்க"ன்னு கேட்டிருக்காரு, அவங்க இதக் குடுத்திருக்காங்க. லிட்டருக்கு 1 மில்லி. ஒரே நாள்ல புழு எல்லாம் கீழ விழுந்துடுச்சாம். "நல்லா வேலை செய்யுதேன்னுதான் நெனச்சேன்"ன்னாரு.

பாட்டில் மருந்தையும் லேப்ல குடுத்தோம். உள்ள ஃபிப்ரோனில்.

பாட்டில்ல என்ன இல்லாம இருந்துச்சு

1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி விக்கிற எந்தப் பூச்சி மருந்துக்கும், வேம்புல செஞ்சதா இருந்தாலும் சரி, பதிவு எண் வேணும். லேபிள்ல என்ன சேர்மானம், எத்தன சதவீதம், தயாரிச்ச தேதி, காலாவதி தேதி இருக்கணும், நச்சுத்தன்மை எவ்ளோன்னு காட்டுற கலர் முக்கோணம் இருக்கணும், சிவப்பு மஞ்சள் நீலம் பச்சைன்னு. இந்தப் பாட்டில்ல பதிவு எண்ணும் இல்ல, முக்கோணமும் இல்ல, சதவீதமும் இல்ல. இலைப் படம் மட்டும்தான். இன்னொரு அடையாளம் அதோட வேகம். தழைச்சாறு, அதுவும் லிட்டருக்கு 1 மில்லி கலந்தது, விடாம பேயுற மழையில ஒரே நாள்ல புழுவக் கொட்ட வைக்குதுன்னா அங்கயே சந்தேகம் வந்திருக்கணும்.

இது நம்ம மலையில மட்டும் நடக்குற விசயமும் இல்ல. 2017ல நெதர்லாந்துலயும் பெல்ஜியத்துலயும் கோழிப் பண்ணையில உண்ணிக்கு அடிக்க யூகலிப்டஸ், மெந்தால் கலந்த இயற்கை மருந்துன்னு ஒண்ணு வித்தாங்க, அதுக்குள்ள இருந்ததும் இதே ஃபிப்ரோனில்தான், கோடிக்கணக்குல முட்டையக் கடையில இருந்து திரும்ப எடுத்தாங்க. தைலமரம் நிக்கிற மலையில இருந்துக்கிட்டு அதப் படிச்சப்ப எனக்கு என்னமோ பண்ணுச்சு.

இதுல எனக்கு ரொம்ப வலிக்குற இடம் வேற. மே மாசம் பிஜிஎஸ் தோட்டப் பார்வைக்குப் போனப்ப அந்த பாட்டில் அவரு ஷெட்லயே இருந்துச்சு, அப்ப பாதி மருந்து இருந்துச்சுன்னு அவரே சொல்றாரு, மறைச்சு வைக்கல, ஜன்னல் மேல வச்சிருந்தாரு. நானும் இன்னும் ரெண்டு பேரும் அந்த ஷெட்ல நின்னுதான் ஃபாரத்துல இயற்கை இடுபொருள்தானான்னு இருந்த கட்டத்துல டிக் அடிச்சோம். யாரும் பாட்டிலக் கையில எடுத்துப் படிக்கல. அந்த அம்மா எங்க அட்டையப் படிச்சு எப்படி நம்புனாங்களோ அப்படியேதான் பெரியப்பாவும் அந்த லேபிளப் படிச்சு நம்பியிருக்காரு, நாங்க பெரியப்பாவ நம்பியிருக்கோம்.

பெரியப்பா விசயத்துல எடுத்த முடிவு

குழுவுல இருந்து எடுத்துடணும்னு மூணு பேர் சொன்னாங்க, இல்லன்னா வெளிய பேரு நிக்காதுன்னு. பெரும்பாலானவங்க ஒத்துக்கல, நானும் ஒத்துக்கல. மறைச்சு அடிச்சவரு கேட்ட ஒடனே பாட்டிலக் கொண்டுவந்து குடுக்க மாட்டாரு. அவர வெளிய அனுப்புனா அடுத்த தடவ இப்படி ஒண்ணு வந்தா யாரும் பாட்டில வெளிய எடுக்க மாட்டாங்க, இதுதான் முக்கியமான காரணம்.

ஆனா விதி விதிதான். அவரு தோட்டம் 2023 ஆகஸ்ட்ல இருந்து திரும்பவும் மாறுதல் காலத்துக்குப் போச்சு, 2 வருசம். நின்ன கோஸ் எல்லாத்தையும் வெட்டி ஒரு மூலையில குழி எடுத்துப் பொதச்சாரு, மாட்டுக்கும் போடல, மண்டிக்கும் ஏத்தல. மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பிடலாமேன்னு சிலர் சொன்னாங்க, அவருதான் வேண்டாம்னுட்டாரு. நட்டத்துல பாதிய குழு ஏத்துக்கிச்சு. பாட்டிலையும் லேப் ரிப்போர்ட்டையும் வேளாண்மை அலுவலகத்துல எழுதிக் குடுத்தோம், பூச்சிக்கொல்லி ஆய்வாளர் வந்து கடையில சாம்பிள் எடுத்துட்டுப் போனாரு.

மத்த சாமான்கள்

கோஸ்ல இப்படின்னா நாங்க வெளிய வாங்கி விக்கிறதுல என்ன இருக்குன்னு பயம் வந்துடுச்சு. தேன் முதல்ல. காட்டுல இருந்து எடுத்து வர்றவங்ககிட்ட நேரா வாங்குற மலைத்தேன், பெருந்தேனீ கூட்டுத் தேன். லேப்ல சர்க்கரைப் பாகு கலப்படம் எதுவும் இல்லன்னு வந்துச்சு, ஆனா ஈரப்பதம் 23 சதவீதம், எஃப்எஸ்எஸ்ஏஐ வரம்பு 20. அப்ப எங்க சுத்தமான தேன் தரத்துல ஃபெயில். கோயம்புத்தூர் வெயில்ல சில பாட்டில் நொரைச்சு மூடி தூக்குனதுக்கும் காரணம் அதுதான், நாங்க அதுதான் ஒரிஜினலுக்கு அடையாளம்னு சொல்லிட்டு இருந்தோம். இதுக்கு நேர் எதிரா, 2020 டிசம்பர்ல டெல்லியில இருக்குற சிஎஸ்இங்குற சுற்றுச்சூழல் ஆய்வு மையம் வெளியிட்ட ஆய்வுல அடிப்படை டெஸ்ட் பாஸான பல தேன் என்எம்ஆர்ங்குற இன்னும் நுட்பமான டெஸ்ட்ல சர்க்கரைப் பாகுன்னு மாட்டுச்சு. தண்ணியில விட்டா கரையாது, தீக்குச்சி எரியும், எறும்பு வராதுன்னு வீட்டுல பண்ணுற டெஸ்ட் எதையும் நம்ப முடியாது, உறைஞ்சு போனா கலப்படம்னு சொல்றதும் தப்பு, குளுக்கோஸ் அதிகம் இருந்தா நல்ல தேனே உறையும். இப்ப ஈரத்தக் குறைச்சு வடிகட்டித் தர்ற இடத்துல குடுத்து அளந்துதான் விக்கிறோம்.

நாட்டுச்சர்க்கரை, வாங்குறவங்க வெளிர் மஞ்சளா கேக்குறாங்கன்னு அப்படியே வாங்கிட்டு இருந்தோம். அந்த நெறம் வர்றதுக்கு ஹைட்ரோஸ்ங்குற வெளுக்குற ரசாயனம் போடுறாங்க, ஆலைக்காரரே கேட்டப்ப ஒத்துக்கிட்டாரு. ஆலைய மாத்திட்டோம், இப்ப வர்றது கருப்பா இருக்கு. அதுலயும் பெரும்பங்கு சர்க்கரைதான், சுகர் இருக்குறவங்க தாராளமா சாப்பிடலாம்னு நாங்க இனி சொல்றதில்ல.

அதுக்கப்புறம் மாத்துனது

அட்டைய முதல்ல மாத்துனோம். 100%ம் இல்ல, நஞ்சில்லாங்குறதும் இல்ல. இயற்கைங்குற வார்த்தையவே எடுத்துட்டோம், எஃப்எஸ்எஸ்ஏஐயோட 2018 விளம்பர விதியில அந்தச் சொல்லுக்கும் ஒரு வரையறை இருக்கு, ஒரே பொருளா இருக்கணும், எதுவும் சேத்திருக்கக் கூடாது. இப்ப அட்டையில தோட்ட எண், அந்தப் போகத்துல என்ன அடிச்சாங்க, எந்தத் தேதி, கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணுனோம், என்ன வந்துச்சு. சில வாரம் வேப்பெண்ணெய் 3 தடவன்னு இருக்கும். ஆர்கானிக்ல மருந்தே அடிக்க மாட்டாங்கன்னு நெனச்சிருந்த ரெண்டு வீடு அதப் பாத்து நின்னுடுச்சு, வருத்தம்தான், ஆனா அனுமதிச்ச மருந்து இருக்கு, கட்டுப்பாட்டோட தாமிர மருந்து கூட அடிக்கலாம், அத மறைச்சு விக்க எங்களுக்கு மனசு வரல.

ஷெட்ல இப்ப குவியல் கிடையாது, தோட்டத்துக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல எண். எந்த பாட்டில் வாங்குனாலும் பதிவு எண்ண போட்டோ எடுத்து குரூப்ல போட்டு ரெண்டு பேரு சரின்னு சொன்னப்புறம்தான் மூடியத் தொறக்கணும். போகத்துக்கு ஒரு தடவ சீட்டுக் குலுக்கி ரெண்டு தோட்டத்துக் காய் லேப்புக்குப் போகுது, அதுக்காக கூடைக்கு 15 ரூபா ஏத்துனோம், எதுக்குன்னும் எழுதுனோம்.

திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சா, அந்த அம்மா கேக்குறதுக்கு முன்னாடியே டெஸ்ட்டுக்கு காசு ஒதுக்கியிருப்பேன். மழை விடாம பேஞ்ச அந்தப் போகத்துல கோஸ் வச்சிருந்த மூணு பேர்கிட்டயும் புழுவுக்கு என்ன பண்றீங்கன்னு போய்க் கேட்டிருப்பேன். நட்டம் வந்தா தாங்கிக்க குழுவுல ஒரு நிதி இருந்திருந்தா பெரியப்பா அந்தக் கடைக்கே போயிருக்க மாட்டாருன்னு தோணுது, இப்ப அது இருக்கு, சின்னதாத்தான்.

இத எழுதுனப்ப இருந்த நிலை (2024 செப்டம்பர்)

2024 கார்போகத்துல கோஸ் திரும்ப ஆரம்பிச்சோம். கோஸுக்கு நடுவுல கடுகு வரிசை போட்டோம், அந்துப்பூச்சி முட்டைய கடுகுல போய் வைக்கும், அதோட இனக்கவர்ச்சிப் பொறியும் வச்சோம். காய் சின்னது, மேல் இலையில ஓட்டை இருக்கு. வீடு இப்ப 54. அந்த அம்மா இன்னும் வாங்குறாங்க, ஒவ்வொரு வாரமும் அட்டையப் படிச்சுட்டு ஒரு கேள்வியாச்சும் அனுப்புவாங்க, பதில் தெரியலன்னா விசாரிச்சு சொல்றேன்னு எழுதுறேன். கடையில எடுத்த சாம்பிள் ரிசல்ட் எங்களுக்கு இன்னும் வந்து சேரல.

பெரியப்பா தோட்டத்து கோஸ ஆகஸ்ட்ல டெஸ்ட் பண்ணுனோம், ஃபிப்ரோனில் தெரியல. இருந்தாலும் அவரு காய் மாறுதல் காலம்னு எழுதுன தனிப் பையில, சாதாரண விலையிலதான் போகுது, தெரிஞ்சே 11 வீடு கேட்டு வாங்குறாங்க. இத எழுதுனப்ப அந்த மாறுதல் காலம் முடிய இன்னும் 11 மாசம் இருந்துச்சு.